கனவு நோட்டு எழுதினால் கனவு நினைவில் நிற்குமா?

வாசகர் கேள்வி
2023 ஆகஸ்ட் 6, காலை 9.20

எனக்கு வயது 44. பள்ளியில் படித்த நாட்களில் காலையில் எழுந்ததும் அம்மாவிடம் கனவுகளைக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது மாதத்துக்கு ஒன்றுகூட நினைவில் இல்லை. கனவு வருவதே நின்றுவிட்டது என்றுதான் நினைக்கிறேன். தலையணைக்குப் பக்கத்தில் நோட்டு வைத்து எழுதினால் கனவுகள் நினைவில் நிற்கும் என்று சொன்னதைக் கேட்டு இரண்டு வாரம் முயன்றேன். 14 பக்கமும் வெள்ளையாகவே இருக்கின்றன. இது உண்மையிலேயே பயன்படும் முறையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1
2023 ஆகஸ்ட் 6, இரவு 10.05

பயன்படும் முறைதான். 2017 அக்டோபரிலிருந்து எழுதி வருகிறேன். இப்போது நடப்பது பதினோராவது நோட்டு. ஆனால் 14 பக்கமும் வெள்ளையாக இருக்கின்றன என்றால், நோட்டைக் கையில் எடுப்பதற்கு முன் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கனவு வருவதே நின்றுவிட்டது என்பது அநேகமாகச் சரியாக இராது. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜீன் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும், உறக்கத்தின் சில கட்டங்களில் மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக ஓடுவதைக் கண்டறிந்தார்கள். 1957-இல் கிளைட்மனும் வில்லியம் டிமென்ட்டும் அந்தக் கட்டத்தில் ஆட்களை எழுப்பிக் கேட்டபோது ஏறத்தாழ நூற்றுக்கு 80 முறை கனவைச் சொன்னார்கள். மற்றக் கட்டங்களில் எழுப்பியபோது நூற்றுக்கு 7 முறைதான் சொன்னார்கள். கனவு கிடைப்பது அந்த விழியோட்ட உறக்கத்தில் மட்டுமே. அது சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு முறை வந்து போகிறது. விடியலை நெருங்க நெருங்க அதன் நீளம் கூடுகிறது. ஆகவே உங்களுக்கும் ஒவ்வோர் இரவும் கனவு வந்துகொண்டுதான் இருக்கிறது, காலையில் அது தங்குவதில்லை.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பலிப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. ஆனால் நம் முன்னோர் நினைவில் வைத்துப் பேசிய கனவுகளில் பெரும்பாலானவை விடியற்காலைக் கனவுகளாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் தோன்றும்.

மறுமொழி 2
2023 ஆகஸ்ட் 7, காலை 6.50

நேற்று கேட்க மறந்தது: எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், தானாக விழிக்கிறீர்களா, அலாரமா? அலாரம் கைப்பேசியில் என்றால், அதை நிறுத்திய பிறகு அடுத்ததாகக் கண் எதைப் பார்க்கிறது?

மறுமொழி 3
2023 ஆகஸ்ட் 9, இரவு 9.30

5.30 மணிக்கு அலாரம், உடனே பள்ளிக் குழுவில் வந்திருக்கும் செய்திகள், பிறகு நோட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 14 பக்கங்களும் எங்கே போயின என்பதற்கு இதுவே விடை. நோட்டு உங்களுக்கு மூன்றாவதாக வருகிறது. அது முதலாவதாக வந்தால்கூடப் போதாது என்பதுதான் என் அனுபவம். நோட்டுக்கு முன்னால் வேறொன்று இருக்கிறது.

விழியோட்ட உறக்கத்தில் மூளையில் நோரெபினெப்ரின் என்னும் வேதிப்பொருளின் சுரப்பு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. புதிதாக ஒன்றை நினைவில் பதிய வைக்க உதவும் பொருள்களுள் அதுவும் ஒன்று. 2019-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் எலிகளில் நடத்திய ஆய்வு, ஹைப்போதாலமஸ் என்னும் மூளைப் பகுதியில் உள்ள ஒரு வகை நரம்பணுக்கள் இந்த உறக்கத்தின்போது இயங்கி மறதிக்குத் துணைபோவதைக் காட்டியது. கனவு ஈர மணலில் விரலால் எழுதியது போல இருக்கிறது; விழித்த பிறகு அதை மறுபடி ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தால்தான், விழிப்பு நிலையின் நினைவாக அது பதிகிறது. அதற்குள் வேறொரு செய்தி உள்ளே நுழைந்தால் அழிந்துவிடுகிறது.

ஆகவே விழித்ததும் கண்ணைத் திறக்க வேண்டாம், புரளவும் வேண்டாம். எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறீர்களோ அப்படியே கிடந்து, கடைசியாக எங்கே இருந்தேன் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். என்ன கனவு கண்டேன் என்று கேட்டால் மனம் திகைத்து நின்றுவிடும். எங்கே இருந்தேன் என்றால் ஓர் அறையோ தெருவோ படிக்கட்டோ கிடைக்கும். கிடைத்த இடத்திலிருந்து, அதற்கு முன் எங்கே, அதற்கு முன் எங்கே என்று பின்னோக்கியே போக வேண்டும். ஒன்றும் வராவிட்டால் மெதுவாக மறுபக்கம் சாய்ந்து, மறுபடி அசையாமல் இருந்து பாருங்கள். சில சமயம் வலப்பக்கத்தில் வராத கனவு இடப்பக்கத்தில் வந்து நிற்கும். இதற்குக் காரணம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் என் நோட்டில் பல முறை நடந்திருக்கிறது.

இது நான் கண்டுபிடித்த வழியும் அன்று. 1893-இல் அமெரிக்காவின் மேரி விட்டன் கால்கின்ஸ் கனவுகளைப் பற்றி ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார். அலாரக் கடிகாரத்தை வைத்து இரவின் வெவ்வேறு நேரங்களில் எழுந்து, 55 இரவுகளில் தம்முடைய 205 கனவுகளை எழுதிவைத்தவர் அவர். காகிதத்தையும் பென்சிலையும் எடுக்கக் கையை நீட்டும் சிறு அசைவுக்கே, மெழுகுவத்தியைக் கொளுத்தும் அந்தச் சிறு நேரத்துக்கே, கனவு கலைந்துவிடுகிறது என்று அவர் அதில் குறித்திருக்கிறார். மெழுகுவத்திக்கே அப்படி என்றால், பள்ளிக் குழுவின் 40 செய்திகளுக்கு என்ன ஆகும்?

நோட்டில் முதலில் முழு வாக்கியம் எழுத வேண்டாம். இடம், ஆள், பொருள், நிறம், மனநிலை என்று ஐந்தாறு சொற்களை மட்டும் கிறுக்கி வையுங்கள். கதையாக எழுதுவது பல் துலக்கிய பிறகு இருக்கட்டும். ஒன்றுமே வராத நாளிலும் பக்கத்தை வெள்ளையாக விடக் கூடாது. எழுந்தபோது மனம் எப்படி இருந்தது என்பதையாவது ஒரு வரி எழுதுங்கள். ஏதோ இருந்தது, போய்விட்டது என்று எழுதுவதும் ஒரு பதிவுதான்.

மறுமொழி 4
2023 ஆகஸ்ட் 10, காலை 7.15

முதல் மறுமொழியில் நான் எழுதிய ஒரு வாக்கியத்தைத் திருத்த வேண்டும். விழியோட்ட உறக்கத்தில் மட்டுமே கனவு கிடைக்கும் என்று எழுதிவிட்டேன், அது தவறு. 1962-இல் டேவிட் ஃபவுக்ஸ் என்பவர், கனவு கண்டீர்களா என்று கேட்பதற்குப் பதிலாக, மனத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டுப் பார்த்தார். மற்றக் கட்டங்களிலிருந்து எழுப்பப்பட்டவர்களிலும் பாதிக்கும் மேற்பட்ட முறை ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். அவை பெரும்பாலும் துண்டு நினைவுகள், சிந்தனை போன்றவை. நீண்ட காட்சிகள் விழியோட்ட உறக்கத்தில்தான் அதிகம். கேள்வியை மாற்றியதும் விடை இவ்வளவு மாறியது என்பது நமக்கும் பயன்படும் செய்தி. நாமும் காலையில் நம்மைக் கேட்டுக்கொள்ளும் கேள்வியை மாற்றித்தான் பார்க்கிறோம்.

மறுமொழி 5
2023 ஆகஸ்ட் 13, மாலை 4.40

வைட்டமின் பி6 மாத்திரை சாப்பிட்டால் கனவு நினைவிருக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் 100 பேரை வைத்து நடத்தி 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. படுக்கப் போகும் முன் 240 மில்லிகிராம் பி6 எடுத்துக்கொண்டவர்களுக்கு, ஐந்து நாட்களில், நினைவுகூரும் கனவின் அளவு கூடியது. ஆனால் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் பி6 இரண்டு மில்லிகிராம் அளவுதான். அதிக அளவில் நீண்ட காலம் உட்கொண்டால் கைகால் நரம்புகள் பாதிக்கப்பட்டு மரத்துப்போகும் என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த செய்தி. நான் அந்த மாத்திரையைத் தொட்டதில்லை, யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

மது அருந்திப் படுத்தால் முன்னிரவின் விழியோட்ட உறக்கம் குறைந்துபோகிறது என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 6
2023 ஆகஸ்ட் 20, இரவு 11.10

நீங்கள் ஏன் தொடங்கினீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதலாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். எழுதுகிறேன்.

என் தந்தையார் ஒரு சிறிய அச்சகத்தில் 38 ஆண்டுகள் அச்சுக்கோப்பவராக இருந்தார். ஈய எழுத்துகளைக் கேஸ் என்னும் அறைகள் கொண்ட பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஸ்டிக் என்னும் சிறு தட்டில் வரியாகக் கோக்கும் வேலை. இடம் வலமாக மாறியிருக்கும் எழுத்தை அவர் கண் சிமிட்டாமல் படிப்பார். நான் இன்று பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்தி வாழ்கிறேன் என்றால், அது அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஈர ப்ரூஃபைப் படித்துக்காட்டிய பழக்கத்தால் வந்தது. அவர் 2017 பிப்ரவரியில் காலமானார்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாருக்கும் அவர் கனவில் வந்தார். அண்ணனிடம் வெற்றிலை கேட்டார். அத்தையிடம் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். ஐந்து வயதுப் பேரனுக்குக்கூட வந்தார். எனக்கு மட்டும் வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவினர் ஒருவர், உன் மேல் அவருக்கு ஏதும் மனக்குறை இருந்திருக்கும் என்று சொன்னார். ஆறுதலாக எண்ணித்தான் சொன்னார் என்று இன்று புரிகிறது. அன்று அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

அந்த ஆண்டு நான் மனச்சோர்வுக்கு மாத்திரை உட்கொண்டுவந்தேன். அந்த வகை மாத்திரைகளில் பல விழியோட்ட உறக்கத்தைக் குறைக்கின்றன. கனவை நினைவுகூருவதும் பலருக்குக் குறைகிறது. இதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் வரவில்லை என்று நான் அழுத இரவுகளில், வந்ததை நினைவில் நிறுத்தும் வழியே பாதி அடைபட்டிருந்திருக்கலாம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் கனவுக்காக அதை நிறுத்த வேண்டாம். எனக்கு அது தேவையாக இருந்தது, பலன் தந்தது. மருத்துவர் சொற்படி 2018-இல் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன். நிறுத்திய வாரங்களில் கனவுகள் வெள்ளமாக வந்தன. அதுவும் பலருக்கு நடப்பதுதான்.

நோட்டைத் தொடங்கியது மாத்திரை நாட்களிலேயே, 2017 அக்டோபரில். ஊமை கண்ட கனவு என்பார்களே, முதல் மாதம் அப்படித்தான் இருந்தது: ஏதோ கண்டேன் என்று தெரியும், சொல்ல ஒரு சொல்லும் இராது. நான்கு வாரத்தில் மூன்று கனவுகள் கிடைத்தன. மூன்றாவது மாதம் 18 கனவுகள் எழுதியிருந்தேன். ஆகவே உங்கள் இரண்டு வாரத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மறுமொழி 7
2023 ஆகஸ்ட் 21, காலை 8.00

பழைய நோட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். மூன்றாவது மாதத்தில் 18 பதிவுகள் இருப்பது உண்மை. ஆனால் அவற்றுள் ஏழு, ஏதோ இருந்தது போய்விட்டது என்ற வகை. ஒரு காட்சியாவது உள்ள கனவுகள் 11 மட்டுமே. மிகைப்படுத்தியதற்கு வருந்துகிறேன். இத்தகைய வெற்றுக் கனவுகளைத் தனியாகக் குறித்துவைப்பது நல்லது. இல்லாவிட்டால் கூடியது கனவா, எழுதும் ஆர்வமா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

மறுமொழி 8
2023 செப்டம்பர் 2, இரவு 9.45

கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மா ஒருவர், தமக்கு ஓர் இரவில் மூன்று நான்கு கனவுகள் நினைவிருக்கின்றன என்றும், இது உடம்புக்குக் கெடுதலா என்றும் கேட்டிருக்கிறார். நினைவிருப்பதால் கெடுதல் இல்லை. குழந்தை உங்களை எழுப்புவதால்தான் நினைவிருக்கிறது. பிரான்சின் லியோன் நகரில் பெரீன் ரூபியின் குழுவினர், கனவை அடிக்கடி நினைவுகூருபவர்களையும் அரிதாக நினைவுகூருபவர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் வகையினர் ஓர் இரவில் உறக்கத்துக்கு இடையே மொத்தம் 30 நிமிடம் போல விழித்திருந்தார்கள். இரண்டாம் வகையினர் அதில் ஏறத்தாழப் பாதி நேரமே விழித்திருந்தார்கள். உறங்கும் மூளை புதிதாக ஒன்றைப் பதித்துக்கொள்ள இந்தச் சிறு விழிப்புகள்தான் இடம் தருகின்றன என்பது அவர்கள் கருத்து.

இதைப் படித்துவிட்டு நள்ளிரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் அலாரம் வைக்கத் தொடங்க வேண்டாம். நான் 2018 கோடையில் மூன்று வாரம் அதைச் செய்தேன். கனவுகள் நிறையக் கிடைத்தன. ஆனால் அந்த மாதம் நான் மெய்ப்புப் பார்த்த கணக்குப் பாடநூலில் விடைப்பகுதி ஒன்றில் நான்கு எண்கள் பிழையாகவே அச்சாகிவிட்டன. பிள்ளைகள் கையில் போகிற நூல். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. உறக்கத்தைக் கெடுத்துத் தேடுகிற அளவுக்குக் கனவு பெரிது அன்று. சற்று முன்னதாகப் படுக்கப் போய், விடியற்காலை உறக்கத்தை வெட்டாமல் விட்டாலே போதும்.

பொறுமைக்கு ஒரு முன்மாதிரி சொல்கிறேன். 1822-இல் பிறந்த பிரெஞ்சுக்காரர் எர்வே த சென்-தெனி, பின்னாளில் சீன மொழிப் பேராசிரியர் ஆனவர், தமது 13-ஆம் வயதில் கனவுகளை எழுதவும் வரையவும் தொடங்கினார். மொத்தம் 1,946 இரவுகளின் கனவுகள், 22 நோட்டுகள். 1867-இல் தம் பெயரைப் போடாமலே அதைப் பற்றி நூலாக வெளியிட்டார். அந்த நோட்டுகள் இன்று இல்லை. அவர் வண்ணத்தில் வரைந்தார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. சொல் கிடைக்காத இடத்தில் நானும் கோடு போட்டு வைப்பதுண்டு: கதவு எந்தப் பக்கம், நான் எங்கே நின்றேன் என்று.

மறுமொழி 9
2023 செப்டம்பர் 3, பிற்பகல் 3.20

எழுதுவதற்குப் பதிலாகக் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்தால் என்ன என்று கேட்டவருக்கு விடை எழுத உட்கார்ந்தேன். 2021-இல் சில மாதங்கள் நானும் அப்படிச் செய்தேன்; அந்தப் பழைய கைப்பேசியைத் தேடி எடுத்துச் சில பதிவுகளைக் கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று இப்போது இருக்கிறது. ஆனாலும் இங்கே எழுத வேண்டியது என் கடமை.

2021 மார்ச் 14 அன்று என் நோட்டில் இரண்டரைப் பக்கக் கனவு ஒன்று இருக்கிறது. பழைய அச்சகம், தரையில் கணுக்கால் அளவு தண்ணீர், எழுத்துக் கேஸின் அறைகளிலும் தண்ணீர் நிற்கிறது. நான் ழ எழுத்தைத் தேடுகிறேன், அந்த அறை மட்டும் காலியாக இருக்கிறது. அப்பா ஜன்னல் பக்கம் நின்று, பொறு, வரும் என்கிறார். நான்கு ஆண்டு காத்திருந்து கிடைத்த கனவு. அன்றே அண்ணனுக்கும் அத்தைக்கும் தொலைபேசியில் சொல்லி அழுதேன். அதை எழுதிய நேரம் காலை 6.30 என்று குறித்திருக்கிறேன்.

குரல் பதிவு 4.42-க்கு இருக்கிறது. 21 வினாடி. மூன்று முறை கேட்டு, அப்படியே எழுதுகிறேன்: "பிரஸ்ஸு. தண்ணி. கேஸு பூரா தண்ணி. ழ இல்ல. யாரோ ஜன்னல்ட்ட நிக்கிறாங்க. பொறு… (நீண்ட மூச்சு) ஈரமா இருக்கு."

அப்பா என்ற சொல் அதில் இல்லை. யாரோ என்றுதான் இருக்கிறது. பொறு என்பதை அந்த ஆள் சொன்னாரா, நான் சொன்னேனா என்பதும் தெளிவாக இல்லை.

மறுமொழி 10
2023 செப்டம்பர் 17, இரவு 10.30

இரண்டு வாரமாக இங்கே வராததற்கு அந்தப் பதிவுதான் காரணம். ஆறுதல் சொல்லி எழுதிய அனைவருக்கும் நன்றி.

மெய்ப்புத் திருத்துபவளாக யோசித்துப் பார்த்தேன். 4.42-க்கும் 6.30-க்கும் இடையில் மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். அந்த உருவம் அப்பாதான் என்பது முதலிலேயே தெரிந்தும் அரைத்தூக்கத்தில் யாரோ என்று சொல்லியிருக்கலாம். மறுபடி உறங்கியபோது கனவு தொடர்ந்து, அதில் அவர் முகம் தெரிந்திருக்கலாம். அல்லது எழுதும்போது, அச்சகம் என்றால் அப்பாதானே என்று கை தானாகவே பெயரைப் போட்டிருக்கலாம். மூலப்படியில் இல்லாத சொல்லைப் பொருள் கருதித் தானே சேர்த்துவிடுவது மெய்ப்பு பார்ப்பவர் செய்யக் கூடாத முதல் தவறு என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். எந்த முடிவுக்கும் நான் வரவில்லை.

அத்தையிடம் மறைக்க மனம் வரவில்லை, சொன்னேன். "ழ-வைத் தேடற எடத்துல உங்கப்பன் இல்லாம வேற எவன்டி நிப்பான்?" என்றார். அச்சகத்தில் எப்போதும் தீர்ந்துபோகிற எழுத்துகளில் ழ-வும் ஒன்று என்று அப்பா குறைப்படுவது அவருக்கும் தெரியும். அத்தையின் சொல்லையும் நோட்டில் எழுதிவைத்தேன், ஆனால் கனவின் பக்கத்தில் எழுதவில்லை, எதிர்ப்பக்கத்தில்.

இதனால் என் முறையில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். முந்தைய மறுமொழிகளைப் பார்த்து எழுதத் தொடங்கியவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அசைவதற்கு முன் வந்த சொற்களை நீல மையில் எழுதுகிறேன். பல் துலக்கியபோதோ, பேருந்திலோ, யாரிடமாவது சொல்லும்போதோ பிறகு வந்தவை எல்லாம் பென்சிலில். பின்னால் வந்தது பொய் என்று பொருளல்ல. மதியம் குழம்பைத் தாளிக்கும் மணத்தில் காலைக் கனவின் விட்டுப்போன அறை முழுவதும் திரும்பி வந்த நாள் உண்டு. எது எப்போது வந்தது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. ஆகஸ்ட் 9 அன்று, கதையாக எழுதுவது பிறகு இருக்கட்டும் என்று உங்களிடம் சொன்னேன். அந்தக் கதையைச் சொற்களின் மேலேயே எழுதிவிடாமல் அதன் கீழே தனியாக எழுதுங்கள் என்று திருத்திப் படியுங்கள்.

மறுமொழி 11
2023 அக்டோபர் 8, காலை 11.00

கொடுங்கனவுகள் எழுத எழுதக் கூடுகின்றன என்று எழுதியிருப்பவருக்கு: முதலில் எழுதுவதை நிறுத்துங்கள். நினைவாற்றலைக் கூட்டுவதற்கான இந்தப் பழக்கம், ஒரே கொடுங்கனவு திரும்பத் திரும்ப வருபவருக்குப் பொருந்தாது. அதற்கென்று வேறு முறை இருக்கிறது: பகல் வெளிச்சத்தில் அந்தக் கனவின் முடிவைத் தமக்கு ஏற்றபடி மாற்றி எழுதி, தினமும் சிறிது நேரம் அந்தப் புதிய கனவை மட்டும் மனத்தில் ஒத்திகை பார்ப்பது. அமெரிக்காவில் பாரி கிராக்கோ என்ற மருத்துவர் இதை ஆய்வு செய்து 2001-இல் வெளியிட்டிருக்கிறார்; கொடுங்கனவுகள் குறைந்தன. தனியாகச் செய்ய வேண்டாம், மனநல மருத்துவர் ஒருவரின் துணையோடு செய்யுங்கள். உறக்கத்திலேயே கையை வீசி அருகில் படுத்திருப்பவரை அடிக்கும் அளவுக்குப் போனால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மறுமொழி 12
2023 டிசம்பர் 10, காலை 7.40

உங்கள் கணக்கைப் பார்த்தேன். செப்டம்பரில் 2, அக்டோபரில் 6, நவம்பரில் 9, வெற்றுக் கனவுகளைத் தனியாகக் கழித்து. அலாரத்தைக் கைப்பேசியிலிருந்து எடுத்துவிட்டு மேசைக் கடிகாரம் வாங்கியதும், சனி ஞாயிறுகளில் அலாரமே வைக்காததும்தான் உதவின என்று நீங்களே கண்டிருக்கிறீர்கள். மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது. அம்மாவிடம் மறுபடி கனவு சொல்லத் தொடங்கியிருக்கிறேன் என்ற வரியை இரண்டு முறை படித்தேன். அவரிடம் சொல்லும் முன் நீல மையில் எழுதிவிடுங்கள். சொல்லிய பிறகு அது அவர் கேட்ட கதையாக மாறிவிடும்.

எவ்வளவு காலம் எழுத வேண்டும் என்பது உங்கள் கடைசிக் கேள்வி. குறைவாக நினைவிருப்பவர்களுக்கே நோட்டால் பலன் அதிகம். நன்றாக நினைவிருக்கத் தொடங்கிய பிறகு எண்ணிக்கை அவ்வளவாக ஏறுவதில்லை, பக்கம் பக்கமாக எழுதும் அலுப்பில் சிலருக்குக் குறைவதும் உண்டு. நான் இப்போது வாரத்தில் மூன்று நாட்கள்தான் முழுதாக எழுதுகிறேன். மற்ற நாட்களில் ஐந்து சொற்கள். அசையாமல் கிடப்பதை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை.

2021 மார்ச் 14-ஆம் பக்கத்தை என்ன செய்தீர்கள் என்று மூவர் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் நான் எதையும் அடிக்கவில்லை. அப்பா என்ற சொல்லின் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் 4.42 யாரோ, 6.30 அப்பா என்று குறித்திருக்கிறேன். இன்று காலை எழுதிய பதிவு, நீல மையில்: படிக்கட்டு. கீழே வெளிச்சம். சாணித்தாள் மணம். யாரோ மேலே ஏறி வருகிறார். பென்சிலில் இதுவரை ஒன்றும் இல்லை.